தேர்தல் காலத்து நல்லவர்

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய நல்ல குணங்கள் நாலையாவது தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நானும் தேடினேன். கிடைத்ததை எழுதுகிறேன். ஆனால் அது எந்த மாதங்களில் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் சந்தோஷப்படுவார். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் கிடையாது. பிள்ளைகள் வைத்த பெயர் ‘லைசென்ஸ் அங்கிள்’. அது பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டு, பால்காரர்கூட “லைசென்ஸ் வீட்டுக்கு அரை லிட்டர்” என்றுதான் சொல்வார். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. அதைவிட அதன் லைசென்ஸைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். நாம் பாட்டுக்குத் தள்ளுவண்டி பக்கத்தில் நின்று பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருப்போம். “ஊர்ல எத்தனை பேர் கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கான் தெரியுமா மிஸ்? நம்மது எல்லாம் லீகல்” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முட்டி வலியோடு வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் லைசென்ஸ் அங்கிள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவருடைய அப்பா அரசாங்க வேலையில் இருந்து கட்டிய வீடு அது. இவர் செய்தது சைட் வியாபாரம், அத்திபெலே பக்கம் நிலம் வாங்கி, மனை போட்டு விற்பது. எப்போதோ ஒரு மனைத் தகராறில் யாரோ போன் செய்து “பார்த்துக்கறேன்” என்று சொன்னானாம். அந்த ஒரு போனைக் காட்டித்தான் உயிருக்கு ஆபத்து என்று லைசென்ஸ் வாங்கினார். மிரட்டினவனே பிற்பாடு இவருக்குக் கூட்டாளியாகி இரண்டு பேருமாக ஒரு லேஅவுட் போட்டார்கள். ஆபத்து போய்விட்டது, ரிவால்வர் போகவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை எல்லாருக்கும் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் காட்டவே மாட்டார், ஞாபகப்படுத்துவார். மேகம் மூடியிருக்கும் காலை வேளையிலும் நெற்றி துடைக்கக் கைக்குட்டை எடுப்பார். கைக்குட்டை வலது இடுப்புப் பக்கம்தான் இருக்கும். எடுக்கச் சட்டையைக் கொஞ்சம் தூக்க வேண்டும், தூக்கினால் பழுப்புத் தோல் உறை தெரியும். தெரிந்ததை நாம் பார்த்துவிட்டோம் என்று உறுதியானதும் சட்டையை இறக்கிவிடுவார். நடக்கும்போது அந்த வலது கை, கக்கத்தில் கட்டி வந்தவர் போல, உடம்பில் ஒட்டாமல் தள்ளியே நிற்கும்.

தெருச் சங்கத்தின் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு ஹாலில் நடக்கும். அவரும் வருவார். உட்கார்ந்ததும் “இது வச்சிட்டு உக்கார முடியல” என்று அலுத்துக்கொண்டு, அதை எடுத்து டீப்பாயில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அப்புறம் யாரும் பிஸ்கட் எடுக்க மாட்டார்கள். கார் நிறுத்த அவருக்கு மட்டும் இரண்டு இடம் வேண்டும் என்ற தீர்மானம் அப்படித்தான் ஒரே மனதாக நிறைவேறியது. மேஜை மேல் வைப்பது லீகலா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது, கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று தெருவே ஸ்கூட்டருக்கும் காருக்கும் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்கும். அவர் கார் பானெட்டில் சிவப்புத் துணி விரித்து, நடுவில் ரிவால்வரை வைப்பார். குண்டுகளை அதைச் சுற்றி வட்டமாக அடுக்குவார். அவர் மனைவிதான் ஒவ்வொரு குண்டுக்கும் குங்குமம் வைக்க வேண்டும். அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். இவரை அவர் என்று எழுதுவது மரியாதையினால் அல்ல, வாய்ப் பழக்கத்தினால். அவள் குங்குமம் வைக்கும்போது ஏதாவது ஒரு குண்டு உருண்டுவிடும். “பாத்து, பாத்து, அது வெங்காயம் இல்ல” என்று தெரு கேட்கும்படிச் சிரிப்பார். சில பேர் கூடவே சிரிப்பார்கள்.

ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரர் ஒருவர் அவர் கேட்டின் முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தார். இவர் வெளியே வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். “ஒந்து நிமிஷா சார், ஆயித்து” என்று அந்த ஆள் கன்னடத்தில் சொன்னார், ஒரே நிமிஷம், முடிந்துவிட்டது என்று. இவர் கைக்குட்டையை எடுத்தார். அவ்வளவுதான். அந்த ஆள் பொட்டலத்தை எதிர்வீட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, பைக்கை ஸ்டார்ட் செய்யக்கூடத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடினார். “பாத்தீங்களா மிஸ், ஒரு வார்த்தை பேசலை, கை ஓங்கலை. இதான் டிசிப்ளின்” என்றார் என்னிடம். “அந்த ஆளுக்குக் கால் நடுங்கிச்சு சார்” என்றேன். “நடுங்கட்டும். தப்பு பண்ணா நடுங்கணும்ல?” என்றார்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து பிள்ளைகளைச் சுட்ட செய்தி டிவியில் ஓடிய வாரம். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்டருகே நிறுத்தினார்.

“மிஸ், நியூஸ் பாத்தீங்களா? அந்த ஸ்கூல்ல ஒரே ஒரு டீச்சர் கையில கன் இருந்திருந்தா இத்தனை பிள்ளைங்க போயிருக்குமா?”

“என் கிளாஸ்ல அம்பத்தெட்டு பிள்ளைங்க சார். காம்பஸ் கொடுத்தாலே எவன் எவனைக் குத்துவான்னு பாத்துட்டே இருக்கணும். நீங்க கன்னுங்கறீங்க.”

“கன் தானா சுடுமா? மனுஷன்தான சுடறான். மனுஷன் நல்லவனா இருந்தா போதும் மிஸ்.”

“மனுஷன் வெறுங்கையால சுடுவானா சார்?”

அவர் சிரித்தார். “நீங்க மேத்ஸ் மிஸ்ஸு, உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா” என்று சொல்லிக்கொண்டே கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோனார். பேச்சில் ஜெயித்தது நான்தான். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனதும் நான்தான். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். உள்ளே போனதை மட்டும் சொல்லவில்லை. அந்த அறையில் எனக்கு வாய் பெரிது என்று பெயர். தனி ஆள் வீட்டில் எதற்குத் துப்பாக்கி, சட்டம் போட்டு எல்லாவற்றையும் வாங்கி ஆற்றில் போட வேண்டும் என்று நான் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

இனி அந்த நல்ல குணத்துக்கு வருகிறேன்.

தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி எல்லாம் அடங்கிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் விலக்கு கேட்டு எழுதுவார், கிடைக்காது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வருவார். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு புது ஆள் குடிவந்த மாதிரி இருக்கும்.

வலது கை உடம்போடு ஒட்டிவிடும். இரண்டு கையையும் வீசி நடப்பார். ஸ்கூட்டருக்கு வழி விடுவார். தள்ளுவண்டிக்காரரிடம் “வெயில்ல நிக்கறியே, தண்ணி குடிச்சியாப்பா” என்பார். என் வீட்டுக்காரரின் முட்டிக்கு ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லி, தானே வாங்கிக்கொண்டும் வந்தார். தன் கேட்டின் முன்னால் பைக் நின்றால் ஓரமாக ஒதுங்கிப் போவார். கூட்டத்தில் பிஸ்கட் தட்டை அவரே எல்லாருக்கும் நீட்டினார். “வருஷம் பூரா எலெக்ஷன் வச்சா என்ன” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தெருவில் எல்லாருக்கும் அதே பிரார்த்தனை.

மனுஷன் நல்லவனாக இருந்தால் போதும் என்றாரே, அதே மனுஷன்தான். இடுப்பில் முக்கால் கிலோ இரும்பு இருந்தால் ஒரு ஆள், இல்லாவிட்டால் வேறு ஆள். இதற்கு மேல் எனக்கு எந்த விவாதமும் தேவைப்படவில்லை.

போன சட்டசபைத் தேர்தலின்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரலை முதலில் கேட்டேன். இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள். அன்று யாரிடமோ போனில் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவள்தான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்து, அவர் அத்திபெலே போயிருந்த பகல் நேரத்தில், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“மிஸ், அவரு லைசென்ஸ் ரினியூவல் வருது. போலீஸ்லேர்ந்து வந்து அக்கம்பக்கத்துல எழுதி வாங்குவாங்களாம். உங்க கையெழுத்துதான் வேணுமாம். டீச்சர்னா மதிப்புன்னு போன்ல சொல்லிட்டிருந்தாரு.”

“வரட்டும்மா. வந்தா நான் சொல்றத சொல்றேன்.”

“நீங்க ஒருத்தர் ஆட்சேபம்னு எழுதினா போதும். மேல விசாரிப்பாங்களாம், நின்னாலும் நின்னுடுமாம். அதுக்குத்தான் அவரே பயந்துட்டிருக்காரு.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். “உங்களை மிரட்டறாரா அத வச்சு?”

“இல்ல மிஸ். ஒரு தடவைகூட என் பக்கம் திருப்பினது இல்ல. டைனிங் டேபிள்ல வச்சுத் துடைப்பாரு. அவ்ளோதான்.” எட்டி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். “நான் எதுக்காவது எதிர்த்துப் பேசினா எடுத்துட்டு வந்து துடைக்க ஆரம்பிப்பாரு. நான் பேச்ச நிறுத்தினா துணிய மடிச்சு உள்ள வச்சிடுவாரு. எங்கக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரேன்னு கேட்டேன். அன்னைக்கு ரெண்டு மணி நேரம் துடைச்சாரு.”

இருபது வருஷமாக அந்தச் சுவருக்கு அப்பால் அமைதியான குடும்பம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

“நீங்களே போலீஸ்ல சொல்லலாமேம்மா.”

“என்னையும் கேப்பாங்க. அவரு பக்கத்துல உக்காந்திருப்பாரு. நான் என்னன்னு சொல்வேன்? நீங்க தைரியமா பேசறவங்க. அவரையே ஒருநாள் மடக்கிட்டீங்கல்ல, உள்ளேருந்து கேட்டேன். இந்த ரெண்டு மாசமாத்தான் மிஸ் நான் தூங்கறேன். இது திரும்ப வந்தா இன்னும் அஞ்சு வருஷம்.”

“நான் எழுதறேன்” என்றேன். “நான் எழுதாம வேற யாரு எழுதுவா?” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலிலிருந்து திரும்பிப் பலகாரம் சாப்பிட்டு முடித்த நேரம். வாசலில் ஒரு ஏட்டு. கூடவே அவர். விசாரணைக்கு வருகிறவர், யாரைப் பற்றி விசாரிக்கிறாரோ அந்த ஆளையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கையில் ஒரு பை ரஸ்புரி மாம்பழம். “சீசன் முடியறதுக்குள்ள சாப்பிட்ருங்க மிஸ்” என்று மேஜையில் வைத்தார். என் வீட்டுக்காரரிடம் முட்டி எப்படி இருக்கிறது, எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இடுப்பில் உறை இல்லை. அது ஸ்டேஷனில் இருந்தது. துப்பாக்கிக்குக் கையெழுத்து கேட்டு வந்தது, துப்பாக்கி இல்லாத அந்த நல்ல மனுஷன்.

ஏட்டுக்கு ஓய்வு பெறும் வயது. இரவு பகலாகத் தேர்தல் வேலை பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. “ரெண்டே நிமிஷம் மேடம். ஸ்வல்ப சைன் போட்டுட்டா நம்ம கெல்சா, இந்த வேலை, முடிஞ்சிது” என்று காகிதத்தை நீட்டினார். கன்னடத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஏட்டே படித்துக் காட்டினார். இவர் என் பக்கத்து வீட்டுக்காரர், நல்லவர், அக்கம்பக்கத்தில் தகராறு கிடையாது, இவரிடம் ஆயுதம் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் பேனாவை எடுக்கவில்லை. லைசென்ஸ் அங்கிள் அதைக் கவனித்தார்.

“மிஸ்ஸுக்கு ஆட்சேபணை இருந்தா தாராளமா எழுதட்டும் சார்” என்றார் ஏட்டிடம், சிரித்தபடி. “டீச்சர், நாலும் தெரிஞ்சவங்க. அவங்க எழுதினா நான் ஒன்னும் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

அந்த நிமிஷத்தை நான் பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மிரட்டியிருந்தால் எழுதியிருப்பேன். குரலை உயர்த்தியிருந்தால், கைக்குட்டை எடுத்திருந்தால், எனக்குக் கோபம் வந்து அந்தக் காகிதத்தின் மேலேயே எழுதியிருப்பேன். நான் தனியாக ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவர் எங்கள் சோபாவில், எங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தன்மையாக உட்கார்ந்திருக்கிறார். முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுக்கும் சான்றிதழில் நடத்தை என்று ஒரு இடம் இருக்கும். முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் ‘நன்று’ என்பதைத் தவிர நான் வேறு எதையும் எழுதியதில்லை. கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று, பணத்தைத் திருடினவனுக்கும் நன்று. போகிற பிள்ளை, எதற்கு வம்பு என்று எழுதிவிடுவோம். கை பழகிவிட்டது. இவர் எங்கேயும் போகிற பிள்ளை இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

போட்டுவிட்டேன். முழுப் பெயர், வேலை, முகவரி, தேதி. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஏட்டு அதைப் பார்த்து “முத்து முத்தா இருக்கு மேடம்” என்றார். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்து வந்தார். மாம்பழம் நல்ல இனிப்பு. சாப்பிட்டோம்.

மறுநாள் துணி காயப்போடும்போது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள். “எழுதிட்டீங்களா மிஸ்?”

“அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரும்மா” என்றேன்.

“ஆமா” என்றாள். கோபப்படவில்லை. “எனக்கும் அதேதான் மிஸ்.” துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாதித் துணி அதிலேயே இருந்தது.

லைசென்ஸ் வந்தது. ஸ்டேஷனிலிருந்து ரிவால்வரும் வந்தது. வலது கை உடம்பைவிட்டுத் தள்ளிப் போனது. தெருவில் முதல் நாளே ஒரு ஆட்டோக்காரரிடம் சண்டை. எனக்கு மட்டும் தனி மரியாதை. “நம்ம மிஸ் சைன் போட்ட லைசென்ஸ் இது” என்று கூட்டத்தில் எல்லாரிடமும் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் நான் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டேன். யாராவது எடுத்தால் நோட்டுத் திருத்தப் போய்விடுவேன்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் என்று நினைக்கிறேன், பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்கக்காவுக்கு உடம்பு முடியலை, ரெண்டே ரெண்டு நாள் போய்…” அங்கேயே நின்றுவிட்டது. வாக்கியம் முடியவில்லை. நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நான் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன். அவர் எதைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு யார் அனுமதி கொடுத்தது என்பதும் தெரியும். அந்த ஆளை நான் எவ்வளவு வெறுத்தேனோ, அதில் சரிபாதி என் பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. மறுபடி ரசீது, மறுபடி வீசி நடக்கும் இரண்டு கைகள், மறுபடி நல்லவர். பதினைந்து நாள் ஆகியிருக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. காலை பத்து மணிக்கு அவர் அத்திபெலே கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், அவர்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. எங்கள் தெருக்கோடி ஸ்டாண்டு ஆட்டோதான், டிரைவர் எனக்குத் தெரிந்தவர். அவள் ஒரு சூட்கேசும் ஒரு துணிப்பையுமாக வெளியே வந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். அவள் தடுக்கவில்லை. ஆட்டோவுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

“எங்கம்மா? அக்கா வீட்டுக்கா?”

அவள் சூட்கேசைச் சரியாக வைப்பதில் கவனமாக இருந்தாள்.

“எங்க போறீங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. நான் சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உங்ககிட்ட சொல்ல மாட்டேன் மிஸ். கோவிச்சுக்காதீங்க. நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா அவரு வந்து பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டா நீங்க சொல்லிடுவீங்க.”

ஆட்டோ கிளம்பியது. தெருக்கோடியில் கொஞ்சம் நின்று, லிங்கராஜபுரம் பக்கமாகத் திரும்பிப் போனது. நான் நடுத்தெருவில் நின்று அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். என் வீட்டுக்காரரின் முட்டியை விசாரித்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், “மிஸ், அவ எங்க போனான்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?” என்றார். குரல் தணிந்திருந்தது. கண் கலங்கியிருந்த மாதிரிகூட இருந்தது.

“சொல்லல சார்” என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். “ஆட்டோ லிங்கராஜபுரம் பக்கமா திரும்பிச்சு சார்” என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் லிங்கராஜபுரத்தில் வீடு வீடாக, கடை கடையாகத் தேடினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. அவள் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்தது, ரிவால்வர் திரும்பி வந்தது, துடைப்பதற்கு எதிரில் ஆள் இல்லை. அந்த வருஷக் கடைசியில் வீட்டை விற்றுவிட்டு அத்திபெலே பக்கமே போய்விட்டார். இப்போது அங்கே எந்தத் தெரு அவரைப் பார்த்துக் கேட்டைச் சாத்திக்கொள்கிறதோ தெரியாது.

அவர் போய் ஒரு மாதம் கழித்து அந்த ஆட்டோவில் ஏறினேன். பாதி வழியில் கேட்டுவிட்டேன். “அன்னைக்கு அந்தம்மாவை லிங்கராஜபுரத்துல எங்கப்பா விட்ட?”

“லிங்கராஜபுரமா? அங்க எதுக்கு மிஸ்? அங்க அவங்களுக்கு யாருமே இல்லையே. கோடியில நிறுத்தச் சொன்னாங்க. திரும்பி உங்களைப் பாத்தாங்க. மிஸ் பாத்துட்டிருக்காங்க, அந்தப் பக்கமா திருப்புன்னாங்க. கொஞ்ச தூரம் போய் யூ-டர்ன் போட்டு வேற பக்கம் போயிட்டோம்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சாரும் வந்து கேட்டாரு, கன் திரும்ப வந்தப்புறம். ஞாபகம் இல்லன்னுட்டேன்.”

“எங்க விட்டேன்னு என்கிட்டயாவது சொல்லு.”

“உங்ககிட்டயும் ஞாபகம் இல்ல மிஸ்” என்று சிரித்தார்.

அவள் என்னை நம்பித்தான் போயிருக்கிறாள். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு உறுதியாக நம்பியிருக்கிறாள்.